யார் கையும் படாத பானம்

பழச்சாற்றை வீட்டில் பிழிந்து குடிப்பது நல்லதா, கடையில் வாங்கிக் குடிப்பது நல்லதா? இந்தத் தலைப்பில் நான் மேடையேறிப் பேசியிருக்கிறேன், பேசி வென்றுமிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. சீட்டுக் குலுக்கியதில் கடைப் பானத்தின் பக்கம் எங்கள் அணிக்கு விழுந்தது. எதிரணியினர் உயிர்ச்சத்தைப் பற்றிப் பேசினார்கள். சீனியின் அளவைப் பற்றிப் பேசினார்கள். நிறமூட்டியின் தீமைகளை மூச்சு விடாமல் அடுக்கினார்கள். நான் எழுந்து ஒரே ஒரு போத்தலை உயர்த்திக் காட்டினேன். "நடுவர் அவர்களே! இதன் மூடி இன்னும் உடைக்கப்படவில்லை. இதில் ஓர் ஈயும் உட்காரவில்லை. எவருடைய கையும் படவில்லை. தூய்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" மண்டபம் கைதட்டியது.

வெற்றிக் கிண்ணத்தோடு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்து, பேசியதையெல்லாம் வாசலில் நின்று மறுபடியும் பேசிக் காட்டினேன். கடைசிக் காம்பரா வீட்டில் குடியிருந்த அத்தை, கொழுந்து பறித்துவிட்டு வந்த கூடையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எனக்கு இரத்த உறவில் அத்தை அல்லர். ஆனால் எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வாழும் லயத்தில், சுவரைப் பகிர்ந்துகொண்டவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு முறைதான்.

"அந்தக் கடைசியை இன்னொருவாட்டி சொல்லு பாப்பா."

"எவருடைய கையும் படவில்லை."

"சரி. யார் கை படக் கூடாதுன்னு அவங்களுக்குப் பயம்? அதைச் சொன்னியா?"

"அது தலைப்பிலேயே இல்லை அத்தை."

"அப்ப என்னாத்தடி பேசின?" என்று கேட்டுவிட்டுக் கூடையை இறக்கினார்.

நான் கிண்ணத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்று அவரைப் பற்றி எழுத உட்காரும்போது, அன்பு வருவதற்கு முன்னால் கோபம் வந்துவிடுகிறது. அந்தக் கோபத்தின் முதல் பங்கு எனக்கே உரியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பங்குகளை உரியவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்கிறேன்.

அத்தை நெட்டையானவர். மலைச் சரிவில் ஏறி இறங்கியே உரமேறிய கால்கள். பேசும்போது எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். தோட்டத்துத் துரையாக இருந்தாலும் அப்படித்தான். அவருடைய கைகளைப் பற்றிச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு விரல்களிலே கருங்கறை படிந்துவிடும். பச்சிலையின் சாறு தோலுக்குள் இறங்கிவிட்டால் சவர்க்காரத்துக்கும் அஞ்சாது. அத்தை பழம் பிழிவதற்கு முன்னால் எலுமிச்சைத் தோலால் ஒவ்வொரு விரலையும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவுவார். கறை அப்படியே இருக்கும். யாராவது அந்த விரல்களை உற்றுப் பார்த்தால், "அழுக்கு போயிருச்சு. கறை போகாது. ரெண்டும் வேற வேற" என்பார். வெட்கம் என்பது அந்தக் குரலில் மருந்துக்கும் இருக்காது.

அவருடைய சமையலறையின் தகரக் கூரை முழுவதும் பேஷன் புருட் கொடி படர்ந்து கிடந்தது. தண்ணீர் ஓடும் காணோரத்தில் இரண்டு மரத்தக்காளிகள் நின்றன. விருந்தாளி வந்தால் கூரையிலிருந்து எட்டுப் பழம் பறிபடும். மலையூற்று விழும் பீலியில் பிடித்து, கொதிக்க வைத்து, ஆற வைத்த தண்ணீர் எந்த நேரமும் மூடிய பானையில் தயாராக இருக்கும். பழத்தை இரண்டாக வெட்டி, மஞ்சள் சதையை வடியில் வழித்துப் போட்டு, கரண்டியின் பின்புறத்தால் மெதுவாகச் சுற்றுவார். "அவசரப்பட்டா விதை ஒடையும். விதை ஒடஞ்சா கசக்கும்." சீனி கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை, பனி இறங்கும் காலமென்றால் நசுக்கிய இஞ்சியும் ஒரு துண்டு. அதை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு வருவார். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்து, விருந்தாளியின் முன்னாலேயே முதல் மடக்கைக் குடிப்பார். "வெஷம் இல்ல, பாத்துக்கங்க" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் அழைப்பும் இருந்தது, அறைகூவலும் இருந்தது. வந்தவர்கள் எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவார்கள்.

திணறியதன் காரணத்தை இங்கே நான் சொல்லியாக வேண்டும். மேடையில் சொல்லாமல் விட்டது இதுதான்.

எங்கள் லயத்துக்கு வெளியிலிருந்து பெரிய மனிதர் யாராவது வந்தால், முதலில் நடப்பது ஓட்டம். வீட்டில் ஒருவர் பின்வாசல் வழியாகக் கடைக்கு ஓடுவார். கிராம சேவகர் வந்தாலும், காப்புறுதிக்காரர் வந்தாலும், பெண் பார்க்க டவுனிலிருந்து ஆட்கள் வந்தாலும் அதே ஓட்டம்தான். வாங்கி வருவது சோடா. செம்மஞ்சள் நிறத்தில், பழத்தின் படத்தை மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு, பழத்தையே கண்டிராத சோடா. அதை டம்ளரில் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. மூடியோடு கொண்டுவந்து, அவர்கள் கண்ணெதிரில் திறந்து, போத்தலோடு கொடுக்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சட்டமாக எழுதித் தரவில்லை. ஒரு காலத்தில், தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளைமார் லயத்துக்கு வந்தால் தாகமே எடுக்காதவர்கள்போல் நின்றுவிட்டுப் போவார்களாம். எங்கள் குவளையில் வாய் வைக்க அவர்களுக்கு மனம் இல்லை; அதை வாய்விட்டுச் சொல்லவும் துணிவு இல்லை. பிறகு போத்தல் வந்தது. இரு தரப்புக்கும் வசதியாகப் போயிற்று. அவமதிப்புக்கு ஒரு மூடி போட்டு, குளிர்பானம் என்று பெயர் வைத்து, அதை நாங்களே காசு கொடுத்து வாங்கி, இரண்டு கைகளாலும் நீட்டினோம். உபசாரம் என்று பெருமையும் பட்டுக்கொண்டோம்!

இந்த ஏற்பாட்டுக்கு எங்கள் லயத்தில் உடன்படாத ஒரே வாசல் கடைசிக் காம்பராவின் வாசல். "மூடி போட்டதைக் குடிக்கிறவங்களுக்குக் கடை இருக்கு. என் வீடு எதுக்கு?" என்பதே அத்தையின் வாதம். பத்துச் சொல்கூட இல்லாத அந்த வாதத்தை மறுத்துப் பேச இன்றைக்கும் எனக்கு வழி தெரியவில்லை.

தேர்தல் காலமொன்றில் ஓட்டுக் கேட்டு ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அத்தை டம்ளரை நீட்டியதும் நெஞ்சில் கை வைத்தார்.

"வேணாம் தங்கச்சி, நமக்கு சுகர்."

"அடுத்த வீட்டுல இப்பதானேண்ணே சோடா குடிச்சீங்க? சுகருக்கு சோடா மட்டும் ஒத்துக்குமா?"

கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் வேறு வழியின்றி ஒரு மடக்குக் குடித்தார், இன்னொரு மடக்குக் குடித்தார், பிறகு டம்ளரையே காலி செய்துவிட்டு, "அருமையா இருக்கே, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அவர் போன பிறகு, ஓட்டு அவருக்குத்தானா என்று விசாரித்தேன். "குடிச்சான்ல? யோசிக்கிறேன்" என்றார் அத்தை.

அவரைப் புனிதராக்க நான் வரவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு ஒருமுறை என் தாய்மாமா பலியாகப் பார்த்தார். மாமா கந்தப்பளையில் மரக்கறித் தோட்டம் செய்பவர். எங்களைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு உண்மையாகவே நீரிழிவு. வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். அத்தையின் முகம் ஒவ்வொரு முறையும் இறுகுவதைப் பார்த்து, மனம் நோகக் கூடாது என்று இரண்டு டம்ளர் குடித்தார். சாயங்காலம் மயங்கி விழுந்தார். ஆட்டோவில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனோம். என் அம்மா லயத்து முற்றத்தில் நின்று அத்தையைக் கிழித்தெறிந்தார்.

"ஒன் வீம்புக்கு என் தம்பி உசுரா மதினி? சீக்காளின்னு சொன்னாரா இல்லையா?"

அத்தை அழவில்லை, தலையும் குனியவில்லை. "சொன்னாரு. எனக்கு எப்படித் தெரியும் மதினி, அவரு நெசமான சீக்காளின்னு? இந்த வாசலுக்கு வர்ற ஆளெல்லாம் சீக்கு சீக்குன்னு பொய் சொல்லியே என்னைப் பழக்கிட்டாங்களே" என்றார். மூன்று நாள் வேலைக்குப் போகாமல் விடியற்காலையில் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்கு நடந்தார். மாமா மன்னித்துவிட்டார். அம்மா ஒரு மாதம் பேசவில்லை. அத்தை செய்தது பிழை. ஆனால் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய முடியாதபடி ஒரு பெண்ணின் வாசலில் இத்தனை பொய் நோய்களைக் கொட்டிவிட்டுப் போனவர்களிடம் எவரும் கணக்குக் கேட்கவில்லை.

இனி, அத்தையின் பிள்ளை விடயத்துக்கு வருகிறேன்.

அத்தைக்குக் கலியாணமாகி ஒன்பது வருடங்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண்பிள்ளை. தகப்பன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பிள்ளைக்கு ஐந்து வயதானபோது, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு வரைதான் வகுப்பு இருந்தது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே ஆசிரியர்கள். உயர்தரம் வரைக்கும் ஒரே இடத்தில் படிக்க வேண்டுமானால் டவுன் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டிலேயே நுழைய வேண்டும். நான் படித்தது அங்கேதான். இடையில் நுழைவது மலையைக் குடைவதற்குச் சமம். "நான் அஞ்சோட நின்னுட்டேன். இவ நிக்கக் கூடாது பாப்பா" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் எதையும் இரண்டு முறை சொல்லும் வழக்கமில்லாதவர். இதை மட்டும் நாளுக்கு இரண்டு முறை சொன்னார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். விண்ணப்பித்தவர்கள் உண்மையாகவே அந்த இடத்தில் குடியிருக்கிறார்களா என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். அந்த வருகையில்தான் முடிவு தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது லயமறிந்த உண்மை. அம்மா ஒரு மாதச் சண்டையை மறந்து, கடைசிக் காம்பராவுக்குப் போனார்.

"மதினி, ஒரே ஒரு நாளைக்கு மட்டும் அடங்கிப் போ. மூணு சோடா வாங்கி வை. நம்ம பாப்பாவுக்கு நான் அப்படித்தான் செஞ்சேன். எடம் கெடச்சுச்சா இல்லையா?"

எனக்கு அது அன்றுதான் தெரியும். நான் மேடையில் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் மூன்று மூடி உடைக்காத போத்தல்கள் இருந்திருக்கின்றன.

"வீட்டைப் பாக்கத்தானே வர்றாங்க மதினி? வீட்டைப் பாக்கட்டும். வீட்டுல உள்ளதைக் குடிக்கட்டும்" என்றார் அத்தை.

மூவர் வந்தார்கள். குழுவுக்குத் தலைவரான, கண்ணாடி போட்ட பெரியவர். கைப்பையை மடியிலிருந்து இறக்காத ஓர் ஆசிரியை. கோப்புகளைச் சுமந்துகொண்டு வந்த இளம் ஆசிரியர். அத்தை அன்று கொடியிலேயே பழுத்த பழங்களாகப் பொறுக்கியெடுத்திருந்தார். டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் துலக்கியிருந்தார். முகம் பார்க்கலாம்போல் இருந்தன. தட்டை நீட்டினார்.

"வேணாம்மா, எனக்குச் சளி" என்றார் தலைவர்.

"எனக்கு கேஸ்ட்ரைடிஸ்" என்றார் ஆசிரியை.

இளைஞர் மற்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான்... இன்னைக்கு விரதம்" என்றார்.

"நீங்க எந்தப் பக்கம் சார்?" என்று அத்தை அவரிடம் கேட்டார்.

"டயகம."

"அடடே! எங்க சித்தி அங்கதான் வாக்கப்பட்டுப் போனாங்க. டயகமத் தோட்டத்துல எந்த டிவிசன்?"

"இல்ல... டவுன்."

"டயகமயில டவுன் எங்க சார் இருக்கு? பஸ் நிக்கிற எடமா?"

அவருடைய காதுமடல்கள் சிவந்தன. அவருடைய சட்டையும் சப்பாத்தும் என்ன சொன்னாலும், அந்த முகம் லயத்தில் பிறந்த முகம். தன் தாயின் விரல்களிலும் அதே கறையைப் பார்த்து வளர்ந்தவர், அந்த டம்ளரைத் தொட மறுத்தார். மற்ற இருவர்மீதும் எனக்கு வந்தது கோபம். அவர்மீது வந்ததற்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளை தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, மூணு பேருக்கும் காச்சலா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். அத்தை தன் டம்ளரை எடுத்து முதல் மடக்கைக் குடித்தார். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். வெளியே வந்த மூவரையும் என் அம்மா வழிமறித்து எங்கள் காம்பராவுக்குள் அழைத்தார். அத்தைக்காகத்தான் அழைத்தார், கெட்டதை எப்படியாவது சரிக்கட்டிவிடலாம் என்ற நப்பாசை. மேசையில் மூன்று போத்தல்கள் இருந்தன. மூடிகளைத் திறந்து கொடுத்தவள் நான். சளி போயிற்று. வயிற்றெரிச்சல் போயிற்று. விரதமும் முடிந்தது. இரண்டு காம்பராக்களுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர். அதைக் கடப்பதற்குள் மூன்று நோயாளிகள் குணமடைந்த அற்புதத்தை நான் கண்ணால் கண்டேன். தலைவர் போத்தலை வாயிலிருந்து எடுத்து, "வெயிலுக்கு இதமா இருக்கு" என்றார். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

வாயாடி என்று பெயரெடுத்த நான் காலி போத்தல்களை அடுக்கினேன்.

இரண்டு மாதம் கழித்து, தோட்ட ஆபீசு வழியாகக் கடிதம் வந்தது. பிள்ளைக்கு இடமில்லை. காரணத்தையும் ஒரு வரியில் எழுதியிருந்தார்கள்: வதிவிடம் உறுதிப்படுத்தப்படவில்லை.

இந்த வரியைப் படிக்கும் எவரும் நிதானமாக நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் காம்பராக்களுக்கு இலக்கமில்லை, உறுதிப் பத்திரமில்லை, பரம்பரை பரம்பரையாக வாழ்ந்தும் எங்கள் பெயரில் ஒரு கதவுகூட இல்லை. அந்தக் குறையைக் காகிதத்தில் கண்டுபிடித்திருந்தால் அதற்கு வேறு பதில் சொல்லலாம். ஆனால் இந்த மூவர் அந்த வீட்டுக்குள் வந்தார்கள். அந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை அவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். அந்த வீட்டின் டம்ளர் அவர்கள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. அப்படியிருந்தும் அங்கே ஆள் குடியிருப்பதை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லையாம்!

லயம் யாரைத் திட்டியது என்று நினைக்கிறீர்கள்? அத்தையைத் திட்டியது. "ஒரு சோடாவுக்கு மசிஞ்சு போயிருந்தா பிள்ளைக்கு எடம் கெடச்சிருக்கும்" என்று பீலியடியில் பேசினார்கள். "திமிரு புடிச்சவ, பெத்த புள்ள வாழ்க்கையிலயே உப்பைப் போட்டுட்டா" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவர் காதுபடப் பேசினார்கள். பழச்சாறுதான் காரணம் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. ஆயினும் மறுத்தவர்களைவிட்டு, கொடுத்தவளைக் குற்றவாளியாக்க எங்கள் எட்டுக் காம்பராக்களுக்கும் ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. மிதிபட்டுப் பழகியவர்கள் மிதிக்கும் காலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பக்கத்தில் கிடப்பவரைப் பார்த்து, நீ ஏன் நெளிந்தாய் என்று கேட்பார்கள்.

மேன்முறையீடு எழுதித் தருவதாகச் சொன்னேன். என் குற்றவுணர்வெல்லாம் மை ஆகி, நான்கு பக்கம் ஓடியது. உரிமை, சமத்துவம், கல்வி, வரலாறு என எதையும் விட்டுவைக்கவில்லை. உரக்க வாசித்துக் காட்டினேன். அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இதுல நாங்க இங்கதான் குடியிருக்கோம்னு எங்க எழுதியிருக்க?"

தேடிப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"அதை மட்டும் எழுது பாப்பா. மத்ததெல்லாம் மேடைக்கு வெச்சுக்க."

ஆறு வரியில் எழுதிக் கொடுத்தேன். கிராம சேவகரின் கடிதத்தையும் தோட்ட ஆபீசின் கடிதத்தையும் இணைத்து அனுப்பினோம். மறுபடியும் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. வரும் நாளையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

முதல் நாள் பகல் அம்மா மூன்று போத்தல்களை வாங்கிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அம்மா அவற்றை மேசையில் வைத்தார். அத்தை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை தரையில் குப்புறப் படுத்து, சிலேட்டில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். "வேண்டாம் அத்தை, நீங்கள் பிழியுங்கள், வருவது வரட்டும்" என்று சொல்ல நாவு எழுந்தது. ஆனால் தோற்றுப்போனால் இழக்கப்போவது நான் அல்லவே! மற்றவரின் பிள்ளையைப் பணயம் வைத்து வீரம் பேசுவது எவ்வளவு மலிவானது என்று அன்று விளங்கியது.

"இருக்கட்டும் மதினி" என்றார் அத்தை. பிறகு போத்தல்களில் படிந்திருந்த கடைத் தூசியை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவருடைய கைகள் அதற்கு முன்னால் ஒரு போத்தலையும் துடைத்து நான் கண்டதில்லை.

அதே மூவர்தான் வந்தார்கள். அதே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அத்தை மூடி திறக்கும் கருவியையும் மேசையிலேயே வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி, சுவரோடு சுவராக நின்றார். "நீங்களே தொறந்துக்கங்க சார். யார் கையும் படல" என்றார். தலைவரின் முகத்தில் ஒரு சிறு நிம்மதி படர்ந்தது. அவர் திறந்தார். ஆசிரியைக்கும் திறந்து கொடுத்தார்.

"இப்பதான் ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. அன்னைக்கு எதுக்கும்மா வீணா சிரமப்பட்டீங்க?" என்றார்.

அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

இளம் ஆசிரியர் தன் போத்தலைத் தொடவில்லை. கோப்பு ஒன்றை மடியில் விரித்து வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, கழற்றியபடியே இருந்தார். அவர் பார்வை மேசையைச் சுற்றி, சமையலறைப் பக்கம் போய், அங்கே கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களில் நின்றது. தலைவரும் ஆசிரியையும் குடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை.

"அக்கா," என்றார். போன முறை அவர் அத்தையை எந்த முறையும் சொல்லி அழைத்திருக்கவில்லை. "அன்னைக்கு போட்டீங்களே... அது இருக்கா? எங்க அம்மாவும் அப்படித்தான், இஞ்சி தட்டிப் போடுவாங்க. மேல் டிவிசன்ல. லயத்துல."

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். கூரைக்கு மேலே கொடி இருந்தது. கொடியில் பழம் இருந்தது. பானையில் ஆறிய தண்ணீர் இருந்தது. கால் மணி நேர வேலை. அவர் இளகிவிடுவார் என்றுதான் நான் எண்ணினேன். இளக வேண்டும் என்றும் விரும்பினேன். அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"அது விருந்தாளிக்குப் போடுறது தம்பி. நீங்க விசாரிக்க வந்திருக்கீங்க. நாங்க இந்த வீட்டுலதான் குடியிருக்கோம். எழுதுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்: வதிவிடம் உறுதிப்படுத்தப்பட்டது.